வரிக்கற்றாழைக்குப் புதுச் சட்டி

தங்கச்சிமடம்
மார்கழி 8

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் மழை விட்ட பிறகும் விடவில்லை. தம்பி பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று மாடியிலேயே இருக்கிறான். இந்த விஷயத்தைப் போனில் சொல்லலாம் என்று மூன்று தரம் ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதுப் பாம்பன் பாலம் திறந்த கையோடு சித்திரையில் வந்தாயே, அப்போது திண்ணையில் வைத்துவிட்டுப் போன உன் செடி பிழைத்துவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த ஹவோர்த்தியாதான். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. பச்சை இலையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு இருப்பதால் நாங்கள் வரிக்கற்றாழை என்கிறோம். ஆவணியில் அதற்குச் சட்டி மாற்றினேன். எப்படி மாற்றினேன் என்பதை நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சாகடிக்கப் பார்த்தது நான்தான். இருபத்திரண்டு வருடம் மல்லிகை நாற்றுப் பாத்தியில் நின்ற கை இது. நம் தீவு மணலில் குச்சி சீக்கிரம் வேர் விடும், ஆனால் மணலில் ஈரம் நிற்காது. காலையில் ஒரு தரம், வெயில் தாழ ஒரு தரம் தண்ணீர் காட்டாவிட்டால் குச்சி கருகிவிடும். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் கட்டுக் கட்டாக நாற்று அனுப்பினோமே, அத்தனையும் ஈரத்தில் வளர்ந்தவை. அதே பழக்கத்தில் உன் செடிக்கும் தினமும் அரை டம்ளர் ஊற்றினேன். நீ நம்பி விட்டுப் போன செடி, காயக் கூடாது என்கிற நினைப்பு எனக்கு.

ஆடிக் காற்று அடிக்கும்போதுதான் கவனித்தேன். அடி இலைகள் கண்ணாடி போல் ஆகியிருந்தன. தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். அன்றைக்கு உனக்குப் போன் செய்தபோது, "விடும்மா, செத்தால் சாகட்டும், நூறு ரூபாய்ச் செடிதானே" என்றாய். எனக்கு அது பொறுக்கவில்லை. மறுநாளே தொட்டியைக் கவிழ்த்துவிட்டேன்.

கவிழ்த்தால் மண்ணே இல்லை, எல்லாம் தேங்காய் நார்த்தூள். பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அதற்குள் செடியின் கழுத்தைச் சுற்றி எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வலை. விற்பவர்கள் சின்னதில் அந்த வலைக்குள் வைத்து வளர்த்துவிட்டு, அப்படியே தொட்டியில் இறக்கிவிடுகிறார்கள் போலிருக்கிறது. வேர் பருத்து வலைக் கண்ணில் மாட்டிக்கொண்டு நெரிந்து போயிருந்தது. பிளேடால் ஒவ்வொரு கண்ணாக அறுத்து எடுத்தேன், ஒரு மணி நேரம் ஆனது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் சரியாகத் தெரியவில்லை. தம்பிதான் டார்ச் அடித்தான்.

வேரைப் பார்க்கத் தெரிந்துகொள். நல்ல வேர் சேமியாவை விடக் கொஞ்சம் தடியாக, மஞ்சள் கலந்த வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகின வேர் கறுத்திருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்டதை எல்லாம் கத்தரித்தேன். கத்தரியை முன்னாலேயே வெந்நீரில் போட்டுத் துடைத்துக்கொண்டேன். கடைசியில் நாலே நாலு வேர்தான் மிஞ்சியது.

அப்புறம்தான் எனக்குக் கஷ்டமான வேலை. வெட்டின காயம் ஆற வேண்டும் என்பதால் மண்ணில்லாமல், தண்ணீர் இல்லாமல், செடியைப் பேப்பரில் போட்டு மூன்று நாள் நிழலில் வைக்க வேண்டும். மல்லிகை நாற்றைப் பிடுங்கினால் வேரை ஈரச் சாக்கில் சுற்றாமல் ஒரு நிமிடம்கூட வைக்க மாட்டோம். இதை அடுப்படி அலமாரியில் வெறுமனே போட்டுவிட்டு, இரவில் எழுந்து இரண்டு தரம் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் வெட்டின வாயெல்லாம் காய்ந்து மூடியிருந்தது.

இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும் செடி அது. தம்பி போனில் தேடிப் படித்துக் காட்டினான். சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவாம். அங்கே புதரடி நிழலிலும் பாறை இடுக்கிலும் வளருமாம். மற்றச் செடிகள் பகலில் இலைத் துளையைத் திறந்து காற்றை இழுக்கும். இது பகலில் மூடிக்கொண்டு, வெக்கை தணிந்த பிறகு ராத்திரியில்தான் திறக்குமாம், ஈரம் வீணாகாமல் இருக்க. நம் வேலியில் ஏறும் பிரண்டைக்கும் அதே குணம்தானாம். இத்தனை வருடம் துவையல் அரைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. மண்டபம் பக்கம் உப்புத் தரையில் உமரி கொழுகொழுவென்று நிற்குமே, அதுவும் உடம்பில் தண்ணீர் வைத்துக்கொள்கிற செடிதான். அதை நினைத்த பிறகுதான் எனக்கு மனசு சமாதானம் ஆனது.

சட்டிக்கு, ராமநாதபுரம் சந்தையில் வாங்கி வைத்திருந்த மானாமதுரைத் தயிர்ச் சட்டியை எடுத்தேன். பிளாஸ்டிக் வேண்டாம். மண்சட்டி என்றால் பக்கவாட்டிலும் ஈரம் உலரும். பெரிய சட்டியும் வேண்டாம், பழைய தொட்டியைவிட ஒரு விரல்கடை அகலம் கூட இருந்தால் போதும். மண் கூடினால் ஈரம் கூடும். சட்டியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கவிழ்த்து வைத்து, ஆணி முனையை அடியில் வைத்துத் திருகித் திருகி ஓட்டை போட்டேன். சுத்தியல் எடுக்கவே கூடாது. ஊறின சட்டி மாவு மாதிரி உதிர்ந்து வழிவிடும். மூன்று ஓட்டை போட்டு, நன்றாகக் காய வைத்தேன்.

மண் கலவைக்குத் தம்பி கடற்கரையிலிருந்து ஒரு வாளி மணல் கொண்டுவந்தான். வேண்டாம் என்று கொட்டச் சொன்னேன். அதில் உப்பு இருக்கிறது, மணலும் ரொம்ப நைஸ். வீடு பூசினபோது மிஞ்சின ஆற்று மணலைச் சலித்து, தூள் போனபின் சல்லடையில் நின்ற கொரகொரப்பை மட்டும் எடுத்தேன். செங்கல்லை உடைத்துத் துவரம்பருப்பு அளவுக்குப் பொறுக்கினேன். செம்மண் ஒரு பங்கு, மணலும் செங்கல்லும் சேர்ந்து இரண்டு பங்கு, மக்கின சாணி ஒரு கைப்பிடி. கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் மணல் போதாது. ஓட்டை மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றை வைத்து, கலவையைப் போட்டு, செடியை நடுவில் பிடித்துக்கொண்டு சுற்றிலும் நிரப்பினேன். அடி இலை மண்ணில் புதையக் கூடாது.

நட்டதும் கை தானாகச் செம்புக்குப் போனது. அடக்கிக்கொண்டேன். பத்து நாள் ஒரு சொட்டு ஊற்றவில்லை. அதன் பிறகு ஊற்றுவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைச் சட்டியின் அடி வரை செருகி எடுப்பேன். மண் ஒட்டி வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. சுத்தமாகக் காய்ந்து வந்தால் அடியில் வழிகிற வரை ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று வாரம்கூட ஊற்றாமல் இருந்தேன். வெயில் காலத்தில் எப்படி என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். நேர் வெயிலில் வைத்தால் இலை சிவந்துவிடுகிறது, அதனால் கிழக்கு ஜன்னலில் காலை வெயிலோடு சரி. மழைத் தண்ணீர் இரண்டு குடம் பிடித்து இதற்கென்று வைத்திருக்கிறேன். சென்னையில் உங்கள் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் என்பாயே, அந்த உப்பு மண்ணிலும் படியும். குடிக்கிற கேன் தண்ணீரையே கொஞ்சம் ஊற்று.

மூன்று மாதம் அது அசையவே இல்லை. கார்த்திகை தீபத்தன்று விளக்கு வைக்க ஜன்னல் பக்கம் போனபோது நடுக்குருத்தில் வெளிர் பச்சையாக ஒரு முனை தெரிந்தது. அரிசி நீளம்கூட இல்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது அது விரல் நகம் அளவு, வரி விழ ஆரம்பித்திருக்கிறது.

இன்னொன்று, வலையை அறுத்தபோது செடியின் பக்கத்தில் ஒரு குட்டி ஒட்டியிருந்தது. அதற்குச் சொந்தமாக இரண்டு வேர் இருந்ததால் பிரித்து, தேங்காய்ச் சிரட்டையில் வைத்தேன். கண் இருக்கிற பாதியை எடுத்து ஒரு கண்ணைக் குத்திவிட்டால் ஓட்டை தயார். அதுவும் பிடித்துக்கொண்டது. பொங்கலுக்கு வரும்போது தாய்ச்செடி இங்கேயே இருக்கட்டும், குட்டியை நீ எடுத்துக்கொண்டு போ. உன் அறை ஜன்னல் எந்தத் திசை என்று பார்த்துச் சொல். ஈர்க்கு நான்கு ஒடித்துக் கட்டி வைக்கிறேன்.

எந்த வண்டி என்று முன்னாலேயே சொன்னால் அப்பா ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். நீ திரும்பிப் போகிற நாளுக்கு ஐந்து நாள் முன்பே குட்டிக்குத் தண்ணீரை நிறுத்திவிடுகிறேன், காய்ந்த மண் என்றால் ரயில் ஆட்டத்துக்குச் செடி தாங்கும். சிரட்டையைச் சுற்றிப் பேப்பர் வைத்துக் கட்டித் தருகிறேன். பைக்குள் போட்டுவிடாதே, தாயி, கையிலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா