பூண் போட்டவனையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த சீனப் பீங்கான் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் ஐரோப்பியர்கள் நல்ல ஜாடிகளுக்கு வெள்ளியும் வெண்கலமும் மாட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது சரியில்லை. வலம்புரிச் சங்குக்கு வெள்ளிப் பூண் கட்டியே குடும்பத்தைக் கரையேற்றியவன் நான். அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

பீங்கானுக்குப் பூண் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. பாத்திரத்தின் மேல் வைத்துப் பொடி ஊத, அதாவது நெருப்பு ஊதிப் பற்றவைக்க முடியாது. சூடு பட்டால் விரிசல் விட்டுவிடும். வழவழப்பில் எதுவும் ஒட்டவும் செய்யாது. அதனால் வாய்க்கு ஒரு வளையம், அடிக்கு ஒரு வளையம் என்று தனியாகச் செய்து, பட்டைகளால் இணைத்து, கீல் வைத்து ஆணி செருகி இறுக்குவார்கள். இறுக்கம் ஒரு நூல் கூடினால் பாத்திரம் போச்சு, குறைந்தால் ஆடும். 1585 வாக்கில் இங்கிலாந்தில் பூண் போட்ட சீன நீலவெள்ளைப் பாத்திரங்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், சொல்வது புரியும்.

பிறகு 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ்காரர்கள் வெண்கலப் பூண் போட்டுச் செய்த எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. முழு ஜாடியை அறுத்து வாசனைக் கலசம் ஆக்கியது எனக்கும் பிடிக்காது. ஆனால் அதற்கு யோசனை சொன்னவர்கள் வியாபாரிகள். லாசார் துவோ என்ற வியாபாரியின் 1748 முதல் 1758 வரையான கணக்குப் புத்தகம் இன்னும் இருக்கிறது. பிரெஞ்சு மன்னரின் காதலி பொம்பதூர் சீமாட்டி வாங்கியதெல்லாம் அதில் வருகிறது. அந்தக் காலத்து வெண்கலப் பூண்களில் பெரும்பாலானவற்றில் செய்தவன் பெயர் கிடையாது. தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக விரட்டுவதுதான் அன்றைய முலாம். அந்தப் புகையைச் சுவாசித்துக் கைநடுக்கம் கண்டவன் தொழிலாளி.

அப்புறம், பூணைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. டப்ளினில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ஃபான்ட்ஹில் ஜாடியைப் பார்த்தேன். ஒரு அடிக்கும் குறைந்த உயரம், இளநீலம் ஓடிய வெள்ளை. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீனாவின் ஜிங்டெஜெனில் செய்தது. ஐரோப்பா வந்ததும் கைப்பிடி, மூக்கு எல்லாம் வைத்து வெள்ளிப் பூண் போட்டுக் கூஜா ஆக்கியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் யாரோ எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். மூக்கு இருந்த இடத்தில் துளைத்த ஓட்டை மட்டும் மிச்சம்.

ஜாடியின் பூர்வீகத்தைச் சொன்ன அரச முத்திரைகள் பூணில்தான் இருந்தன. பூண் போனதும் அதுவும் போயிற்று. நல்ல வேளை, 1713இல் ஒருவர் அதைப் பூணோடு வண்ணத்தில் வரைந்து வைத்திருந்தார். அந்த ஓவியம் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருந்ததால்தான், இது அந்த ஜாடிதான் என்று 1961இல் அடையாளம் காண முடிந்தது.

உங்கள் கட்டுரையில் டப்ளின் ஜாடியின் இன்றைய படம் மட்டும் வந்திருந்தது. அடுத்த வாரம் அந்த 1713 ஓவியத்தையும் பக்கத்தில் போடுங்கள். கெடுத்தது பூண் போட்டவனா, கழற்றியவனா என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

– வாசகர் ஒருவர், கும்பகோணம்