கப்பலில் நீ சரியாகச் சாப்பிடவே இல்லை

டிக்கோயா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். அப்பாவுக்கு இழுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, மழை விட்டால் இன்னும் குறையும். காற்றுக்கு அக்கா வீட்டுக் கூரைத் தகரம் ஒன்று பறந்துவிட்டது, அத்தான்தான் ஏறிக் கல் வைத்துவிட்டு வந்தார். சின்னவள் ஸ்கொலர்ஷிப் சோதனைக்குப் படிக்கிறாள். மற்றதெல்லாம் வழமைபோல.

போனில் பேசலாம் என்றால் "வேலையில் நிற்கிறேன் அம்மா, பிறகு எடுக்கிறேன்" என்கிறாய். பிறகு எடுப்பதில்லை. அக்காவிடம் கொடுத்தால் போட்டோ பிடித்து உடனே அனுப்பிவிடுவாள், ஆனால் அவள் படித்துவிடுவாள். அதனால் இதைத் தபாலில் போடுகிறேன். கிடைக்கிறபோது கிடைக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. அதைத்தான் முதலில் எழுத நினைத்தேன்.

பாரிசில் உன்னைப் பார்த்துவிட்டு நான் வந்ததிலிருந்து ஆட்கள் விட்டபாடில்லை. கோயிலில், பஸ்ஸில், மருந்துக்கடை வரிசையில், எங்கே கண்டாலும் "டீச்சர், கப்பல் எப்படி?" என்றுதான் கேட்கிறார்கள். உள்ளேயே தியேட்டர் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, மாடிக்கு மாடி லிப்ட் போகிறது என்றெல்லாம் சொல்கிறேன். "என் மகன்தான் கூட்டிக்கொண்டு போனான்" என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துச் சொல்கிறேன். சொல்லும்போது நெஞ்சு நிறைகிறது, தம்பி. அதில் எந்தக் குறையும் இல்லை. பெரிய லயத்துப் பாட்டி இருக்கிறாரே, அவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "பையன் நல்லா இருக்கானா?" என்றார். இருக்கிறான் என்றேன்.

பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் கப்பல் ஏறின அன்று உனக்கு ஞாபகம் இருக்கும். மலை உச்சியில் ஒரு கோயில், அதன் மேல் பிள்ளையைக் கையில் ஏந்திய மாதா, பொன் பூசிய சிலை. கடலுக்குப் போகிறவர்கள் கும்பிடும் மாதா என்று சொன்னாய். நானும் கும்பிட்டேன். அப்புறம் எல்லோரையும் கூப்பிட்டு, ஆபத்து வந்தால் யார் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினார்கள். நம்ம தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களம் போலத்தான், ஆளுக்கு ஒரு இடம், தலைக்கு ஒரு கணக்கு. ஏழு தடவை சுருக்கமாகவும் ஒரு தடவை நீளமாகவும் சங்கு ஊதினால் அங்கே போய்விட வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிக்லியோ தீவுக்குப் பக்கத்தில் பெரிய பயணக் கப்பல் ஒன்று பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் செத்தார்கள். அன்று ஏறின பல பேருக்கு இந்தப் பயிற்சி நடக்கவே இல்லையாம், அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்பே, இல்லாவிட்டால் கிளம்பின கையோடு நடத்த வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னது நீதான். மிதவைச் சட்டையை எப்படி மாட்டுவது, வாரை எங்கே இழுப்பது என்று என் தோளைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாய். உன் கை சில்லென்று இருந்தது.

கப்பல் நகர்ந்தபோது மேல்தளத்தில் பாட்டுப் போட்டார்கள். சனம் கையை ஆட்டி ஆரவாரம் செய்தது. நான் அழுதுவிட்டேன், நீ பயந்துபோனாய். கடலைப் பார்த்துப் பயம் என்று நினைத்துக்கொண்டாய். பயமில்லை, தம்பி. எனக்குத் தெரிந்த கப்பல் பயணம் வேறு. பெரியம்மா குடும்பம் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனபோது நான் சின்னப் பிள்ளை. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி கிளம்பும்போது சனம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் ஓடியது. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலில் ஏறுவார்கள், ராமேஸ்வரத்தில் இறங்குவார்கள், மண்டபம் முகாமுக்குப் போவார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். பெரியம்மா என் கையில் ஒரு கொய்யாப்பழம் கொடுத்துவிட்டு ஏறினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கப்பல் ஏறும்போது சிரிக்கிற சனத்தை நான் மார்செய்யில்தான் முதன்முதலில் பார்த்தேன். அதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் உனக்கு போன் வந்துவிட்டது. அந்தப் பக்கம் தள்ளிப்போய் நெடுநேரம் பேசினாய்.

அறைக்கு ஜன்னல் இல்லை என்று நீ வருத்தப்பட்டதை நினைத்தால் எனக்குத்தான் வருத்தமாக இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு லயத்துக் காம்பராவில் ஏழு பேராக வளர்ந்தவள் நான். எனக்கு எதற்கு ஜன்னல்? விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாமல் நன்றாகத் தூங்கலாம். நான் தூங்கினேன். நீதான் தூங்கவில்லை.

ஜெனோவாவில் அதிகம் பார்க்கவில்லை. துறைமுகத்து வெளிச்சவீடும் கொலம்பஸ் பிறந்த ஊர் என்பதும்தான் நினைவில் இருக்கிறது.

நேப்பிள்ஸ் அப்படியில்லை. காலையில் பலகாரம் எடுத்துச் சாப்பிடும் இடத்தில் எவ்வளவு வைத்திருந்தார்கள்! முட்டை, பழம், பாண், பத்து வகைப் பணிஸ், எல்லாம் டிக்கெட்டோடு சேர்ந்தது. நீ கறுப்புக் கோப்பி மட்டும் குடித்தாய். பசியில்லை என்றாய். பிறகு நான் பழம் எடுக்க எழுந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒரு டிஷ்யூவை விரித்து இரண்டு பணிஸை வைத்து, நாலு மூலையையும் மடித்து பேக்குக்குள் போட்டாய். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாய். நான் பழத்தட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

டாக்சிக்காரர்கள் கூப்பிட்டபோது "நடப்போமா அம்மா, காற்று நல்லா இருக்கு" என்றாய். ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம். முழங்கால் வலித்தது, நான் சொல்லவில்லை. பொம்பெயிக்கு ரயிலில் போனோம். 79ஆம் ஆண்டு வெசூவியஸ் வெடித்துச் சாம்பல் மூடின ஊர். செத்தவர்களின் உடல் மக்கிப்போய், இறுகின சாம்பலுக்குள் அவர்கள் கிடந்த இடம் வெறும் பள்ளமாக இருந்திருக்கிறது. 1863இல் ஃபியோரெல்லி என்பவர் அந்தப் பள்ளங்களில் சாந்தை ஊற்றி எடுத்திருக்கிறார். அப்படி வந்த உருவங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். ஒருவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு கிடந்தார். மற்றவர்கள் போட்டோ எடுத்தார்கள். எனக்குக் கொஸ்லந்தை நினைவு வந்துவிட்டது. 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடின காலை. அங்கே சாந்து ஊற்ற யாரும் வரவில்லை. மண்ணுக்குள்ளே போனவர்களில் பல பேரை எடுக்கவே முடியவில்லை. என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்தவளின் சொந்தக்காரர்கள் அங்கே இருந்தார்கள், உனக்குத் தெரியும். நான் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தபோது நீ ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாய். கொஸ்லந்தையைத்தான் நினைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அப்படிப் புரிந்துகொள்ளும் பிள்ளை நீ. உன் மனதில் இருப்பது எனக்கும் அப்படித் தெரியாதா?

அந்த ஊரில் ஒரு பேக்கரி. மாவரைக்கும் கல்லும் அடுப்பும் அப்படியே நிற்கின்றன. அதற்கு எதிரில் திண்ணையில் உட்கார்ந்து டிஷ்யூவை அவிழ்த்தாய். பெரிய பணிஸை எனக்குக் கொடுத்தாய். உன்னுடையதில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைத் திரும்ப மடித்து வைத்தாய். அந்தப் பாதியை நான் மறக்கவில்லை.

அன்று இரவு நீ அறையில் இல்லை. காலையில் கேட்டேன். ஸ்ட்ரோம்போலி எரிமலையைக் கடந்து போகும், அதைப் பார்க்க மேலே போனேன் என்றாய். சரி. அது இரவில் சிவப்பாகக் கக்குகிற மலை, பழைய காலத்திலிருந்தே மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் வழி பிடிப்பார்களாம், அப்படியென்றால் பார்க்க வேண்டியதுதான். ஆனால் சாப்பாட்டு மேசையில் நமக்குப் பரிமாறிய தூத்துக்குடிப் பையனை ஞாபகம் இருக்கிறதா? நான் தமிழ் பேசின நாளிலிருந்து என்னை அம்மா என்றே கூப்பிட்டான். அவன் சொன்னான், "உங்க மகன் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல டெக்ல போன்ல பேசிக்கிட்டு இருந்தாரு, குளிருதுன்னு போர்வை குடுத்தேன்." உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். நல்ல பையன். மாதக்கணக்கில் கடலிலேயே கிடக்கிறான், தங்கச்சி கல்யாணத்துக்குக் காசு சேர்க்கிறான். மேசையில் தண்ணீர்ப் போத்தல் திறந்தால் கணக்கில் ஏறும், மேலே போய் நிரப்பினால் இலவசம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். அதற்குப் பிறகு நான் மேசையில் எதையும் தொடவில்லை.

மெசினாவில் பகல் பன்னிரண்டுக்கு மணிக்கூண்டில் சிங்கம் கொடியை ஆட்டிக் கர்ஜித்தது, சேவல் கூவியது. சின்னவளுக்கு அந்த வீடியோதான் மிகவும் பிடித்திருக்கிறது. 1908இல் நிலநடுக்கத்தில் தரைமட்டமான ஊராம், பார்த்தால் தெரியவில்லை. மால்டாவில் விடியும்போது துறைமுகத்துக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் தேன் நிறத்தில் கல் கோட்டைகள். நான் பார்த்ததிலேயே அழகான காலை அதுதான். பார்சிலோனாவில் 1882இல் தொடங்கி இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிற அந்தப் பெரிய கோயிலுக்குள் போகலாமா என்று கேட்டாய். நீ டிக்கெட் விலையைப் பார்த்ததை நான் பார்த்தேன். அதனால்தான் வேண்டாம் என்றேன். கால் வலி என்று சொன்னேன், அது பொய்.

இடையில் ஒரு நாள் முழுக்கக் கடல்தான். கரையே தெரியவில்லை. நான் இஞ்சியை மென்றுகொண்டு மேலே உட்கார்ந்திருந்தேன். நீ பக்கத்து நாற்காலியில் சாய்ந்த உடனே தூங்கிப்போனாய். மதியச் சாப்பாடு முடியும் வரை, அதற்குப் பிறகும் எழும்பவில்லை. வெயில் உன் முகத்தில் விழாமல் என் சால்வையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சங்கிலி இல்லாத உன் கழுத்தைப் பார்த்தேன். "கப்பலில் கழன்று விழுந்துவிடும், அறையில் வைத்துவிட்டு வந்தேன்" என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். பாரிசில் உன் அறையில் நான் தங்கியிருந்த நாட்களிலும் அந்தச் சங்கிலியைப் பார்க்கவில்லை, தம்பி. கூட்டித் துடைத்ததெல்லாம் நான்தானே.

கடைசி இரவு கணக்குத் தாள் வந்தபோது எனக்கு முன்னால் எழுந்து போய் எடுத்தாய். ஆளுக்கு, நாளுக்கு என்று சேவைக் கட்டணம் தனியாகப் போடுவார்களாம், அதையும் அந்தப் பையன்தான் சொன்னான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். "எல்லாம் ஓஃபரில் வந்தது அம்மா" என்றாய்.

எனக்குக் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அம்மாவைக் கடலைக் காட்டிக் கூட்டிவர வேண்டும் என்று சின்ன வயதில் சொன்னாய், சொன்னபடி செய்தாய். ஊரே மெச்சுகிறது. நான் கேட்டேனா? உன் முகத்தைப் பார்க்கத்தான் விசா எடுத்து வந்தேன். உன் அறையில் ஒரு வாரம் சோறு பொங்கிப் போட்டிருந்தால் எனக்கு அதுவே போதும். ஆனாலும் மால்டாவில் அந்தக் காலையை நீ காட்டாவிட்டால் நான் கண்டிருக்கமாட்டேன். அதற்காக உனக்கு ஆயுசு நூறு. இரண்டையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சங்கிலி எங்கே என்று நான் கேட்கப்போவதில்லை. எங்காவது வைத்திருந்தால் துண்டில் தேதி இருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள். தவணை தப்பினால் வட்டி ஏறும், அப்புறம் பொருளும் போய்விடும். எனக்கு வரவேண்டிய பென்ஷன் நிலுவை போன மாதம் கிடைத்தது. பேங்கில்தான் கிடக்கிறது. அப்பாவுக்கு அதன் கணக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. வீட்டுக்கு முன்னால் மதில் கட்டலாம் என்று நினைத்திருந்தேன், மதில் இப்போது அவசரமில்லை. எவ்வளவு என்று ஒரு எண்ணை மட்டும் சொன்னால் போதும். ஏன், எதற்கு என்று நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

வேலை இல்லாமல் போயிருந்தாலும் சொல். வேலை போவதும் வருவதும் நம்ம சனத்துக்குப் புதிதல்ல. இங்கே வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றாலும் வா. ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதே, ஊருக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் வெறும் கோப்பி குடிக்காதே. நான் விட்டுவந்த தேயிலைத்தூள் அலமாரியில் சிவப்பு டின்னில் இருக்கிறது, தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துப் போடு. கப்பலில் கொடுத்த வெந்நீரில் தேயிலைக்குச் சாயமே இறங்கவில்லை.

அப்பா எட்டரைக்கே படுத்துவிடுகிறார். உனக்கு மாலை ஐந்தரை என்றால் இங்கே ஒன்பது மணி. அந்த நேரத்தில் போன் என் கையில்தான் இருக்கும், பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். எந்த நாள் என்றாலும் எடு.

அன்புடன்,
அம்மா