கிழவருக்கு ஒரு பக்கம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஒன்பது அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டுக்கு நாணயம், தேர்தல் முறை, மழைக்காலம் எல்லாம் நீயே உண்டாக்கியிருக்கிறாய். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவுக்கு உன் கதாநாயகனை ரொம்பப் பிடித்துவிட்டது. சின்ன வயதிலேயே எதிர்க்கட்சித் தலைவர், பேச்சும் அழகு, பிடிக்காமல் என்ன செய்யும்? எனக்குத்தான் அவன்மேல் கொஞ்சம் சந்தேகம்.

ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் ஒரு மணி நேரம் பேசுகிறான், ஆளுங்கட்சி ஆட்டம் கண்டுவிடுகிறது. சட்டசபையில் சுருக்கெழுத்தனாகக் காலம் தள்ளியவன் சொல்கிறேன்: நான் குறித்தெடுத்த பேச்சுகளில் எத்தனையோ பிரமாதமானவை. மேசை அதிரத் தட்டுவார்கள். வாக்கெடுப்பு என்று வந்தால் காலையில் இருந்த எண்ணிக்கைதான் மாலையிலும். பிரிட்டனில் வில்லியம் ஹேக் 1977இல், பதினாறு வயதில், கட்சி மாநாட்டில் பேசியே பெயர் வாங்கியவர். 1997இல் 36 வயதில் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவரானார். கேள்வி நேரத்தில் அவர் எழுந்தால் சபையே காது கொடுக்கும். 2001 தேர்தலில் கட்சிக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரே ஒரு இடம்!

ஆகவே அந்தப் பேச்சைப் பாதியாகக் குறை. மிச்ச இடத்தில் அவன், அரசின் செலவைச் சரிபார்க்கும் கணக்குக் குழு அறையில் தணிக்கை அறிக்கையைப் புரட்டட்டும். இந்தியாவில் 1967 முதல் பொதுக் கணக்குக் குழுவின் தலைமையை எதிர்க்கட்சிக்காரரிடம் கொடுத்து வருகிறார்களே, அதெல்லாம் சும்மா இல்லை.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. உன் கதையில் பழைய தலைவர் ஒருவர் வருகிறார். நாற்காலியை விடாத கிழவர். அவரைத் தள்ளிவிட்டுத்தான் இவன் மேலே வருகிறான். எனக்கு அந்த இடம் நெருடியது.

நியூசிலாந்தில் 2017இல் நடந்ததைப் பார். எதிர்க்கட்சியான லேபருக்குக் கருத்துக்கணிப்பில் 24 சதவீதம்தான். தலைவர் ஆண்ட்ரூ லிட்டில், விலகிவிடலாமா என்று யோசித்ததை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அரசியல்வாதி வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருமா? வந்தது. தேர்தலுக்கு எட்டு வாரம்கூட இல்லாதபோது, ஆகஸ்ட் 1ஆம் தேதி, பதவியை விட்டார். துணைத் தலைவராக இருந்த ஜெசிந்தா ஆர்டெர்ன் பெயரை அவரே முன்மொழிந்தார். அதற்கு முன்பு அவர் கேட்டபோதெல்லாம் அந்தப் பெண் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாள். அப்போது அவளுக்கு வயது 37. உலகம் முழுக்க அவள் படம் வந்தது. பிறகு அவள் பிரதமரானபோது, லிட்டில் அவளுடைய அமைச்சரவையில் நீதித்துறையை ஏற்றுக்கொண்டு வேலையைப் பார்த்தார். பதவியை விட்ட அன்று ராத்திரி அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. டை அவிழ்த்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாரோ, தூக்கமே வரவில்லையோ. நீ கதை எழுதுகிறவள், உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. தேர்தல் இரவில் வெற்றி முழக்கத்தோடு கதையை முடிக்கப் போவதாகச் சொன்னாய். ஆர்டெர்ன் கட்சிக்குக் கிடைத்தது 46 இடம், ஆளுங்கட்சிக்கு 56. மொத்தம் 120. செப்டம்பர் 23இல் வாக்குப்பதிவு. 9 இடம் வைத்திருந்த சிறிய கட்சி யார் பக்கம் என்று வாய் திறந்தது அக்டோபர் 19இல்தான். கூட பசுமைக் கட்சியின் எட்டும் சேர்ந்தபிறகே ஆட்சி. யாரும் ஜெயிக்காத அந்த நாட்களை எழுதிப் பாரேன். முழக்கத்தைவிட அதில் உனக்குத் தீனி அதிகம்.

அம்மா பத்தாம் அத்தியாயம் எப்போது என்று கேட்கிறாள். என் எழுத்து உனக்குப் புரிகிறதா? சுருக்கெழுத்துப் பழக்கம், கை இன்னும் அவசரப்படுகிறது.

அப்புறம், கதையில் அலுவலகப் பணியாளுக்குக்கூடப் பெயர் வைத்திருக்கிறாய். அந்தக் கிழவருக்கு மட்டும் ஒன்பது அத்தியாயத்திலும் பெயரே இல்லை. கவனித்தாயா?

அன்புடன்,
அப்பா