லீனியா வீட்டுக்கு வந்தாச்சு

கோயம்புத்தூர்

அன்புள்ள செந்தில்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் போடச் சொல். உன் மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்திருப்பதை வீட்டில் சொன்னேன். "உங்க கூட்டத்துல இன்னொண்ணா" என்று ஒரு பெருமூச்சு வந்தது.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், கார் வாங்கிவிட்டேன். நீ சொன்ன மாதிரி எலெக்ட்ரிக் இல்லை. ஃபியட் லீனியா டி-ஜெட், அதாவது டர்போ வைத்த பெட்ரோல் வண்டி, 2011 மாடல், நான் மூன்றாவது ஓனர். ஒன்றே முக்கால் லட்சம். உன் சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ள வாங்கும் அந்தப் பத்து வருஷச் சான்றிதழ் ஏலத்தில் ஒரு லட்சம் டாலரையும் தாண்டிப் போகிறது என்று நீதானே புலம்பினாய். அதை நினைத்துக்கொண்டு இந்தத் தொகையைப் படி, வயிறு எரியட்டும்.

"இந்த வயசில் டர்போ எதற்கு?" என்று எழுதியிருந்தாய். லீனியா 2009-இல் இங்கே வந்தபோது அதில் இருந்த சாதா பெட்ரோல் எஞ்சின் 1368 சிசி, 90 குதிரைத்திறன், 115 நியூட்டன் மீட்டர் இழுவை. அந்த உடம்புக்கு அது போதவே போதாது என்று அப்போது ஓட்டிய எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வருஷம் வந்த டி-ஜெட்டிலும் அதே 1368 சிசிதான். ஆனால் 114 குதிரைத்திறன், 207 நியூட்டன் மீட்டர், அதுவும் 2200 ஆர்பிஎம்மிலேயே. டர்போ என்றால் வேறொன்றுமில்லை, எஞ்சினிலிருந்து வெளியே வீணாகப் போகும் புகையைக் கொண்டே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, அந்தச் சுற்றலால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறார்கள், அவ்வளவுதான். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுவை. அபார்த் புன்டோ என்று 2015-இல் 145 குதிரைத்திறனோடு ஒன்று வந்ததே, அதன் அடிப்படையும் இதே எஞ்சின்தான். அதை வாங்க நம்மிடம் காசில்லை, விடு.

அப்புறம், ஃபியட் என்றால் எனக்கு உங்கள் அப்பாவின் பத்மினி கார்தான். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருக்கும், முன் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். இதில் காரணம் எதுவும் தேடாதே. மனசு கேட்டது.

வாங்குவதற்கு முன் நிறைய பார்த்தேன். திருப்பூரில் ஒன்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, பவரைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி (ரீமேப்), ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் "புஸ்ஸ்" என்று ஊரே திரும்பிப் பார்க்கிற வால்வு மாட்டி நின்றது. ஓட்டிப் பார்க்காமலேயே டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன். பழைய டர்போவை வாங்குகிறவன் முதலில் தவிர்க்க வேண்டியது இந்த மாதிரி வண்டியைத்தான் என்பது என் கட்சி. அடுத்தவன் சோதனை செய்து முடித்த மிச்சத்துக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? எனக்குக் கிடைத்தது பொள்ளாச்சியில், ஓய்வு பெற்ற ஒரு வங்கி அதிகாரியிடம். மனுஷன் 3000 ஆர்பிஎம் தாண்டியே இருக்க மாட்டார் போல. ஆனால் சர்வீஸும் ஒழுங்காகச் செய்யவில்லை.

கையோடு நம்ம கணபதி மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப் போயிருந்தேன். முந்தின நாளே போன் செய்து, நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லி வைத்தார். சூடான எஞ்சின் பொய் சொல்லும், ஆறின எஞ்சின் சொல்லாது என்பார். ஸ்டார்ட் செய்தபோது நீலப் புகை வரவில்லை. அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றி விரலை உள்ளே விட்டார். அந்தச் சக்கரத்தின் நட்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். மெல்லிய ஆட்டம் இருந்தது. அது இருக்கலாமாம். அந்தத் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது, ஓடும்போது எண்ணெய் அழுத்தம்தான் அதை நடுவில் நிறுத்தும். உள்ளேயும் வெளியேயும் இழுத்துப் பார்த்தார், துளிகூட அசையவில்லை. இதழ்களின் ஓரத்தில் உரசின தடம் இல்லை. "டர்போ நல்லாருக்குங்க, மத்ததெல்லாம் நல்லால்லை. விலையைக் குறைங்க" என்று ஓனரிடமே சொல்லிவிட்டார்.

உண்மையில் அந்த ஓனர் விற்க நினைத்ததற்கே காரணம், வேறொரு ஒர்க்‌ஷாப்பில் "டர்போ போச்சு, எண்பதாயிரம் ஆகும்" என்று சொல்லியிருந்ததுதான். வண்டி இழுக்கவில்லை, எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் காற்றழுத்தம் குறைவு என்று வருகிறது. உடனே டர்போ தலையில் பழியைப் போட்டுவிட்டார்கள். நம்ம அண்ணன் செய்ததைக் கேள். பிவிசி குழாய்க்குப் போடும் மூடி ஒன்றை எடுத்து நடுவில் ஓட்டை போட்டு, பழைய டியூப்லெஸ் டயர் வால்வைச் சொருகினார். டர்போவின் வாயில் அதை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, கம்ப்ரசர் காற்றைக் கொஞ்சமாக உள்ளே விட்டார். அழுத்தம் ஒரு பார் அளவுக்கு மேல் போகக் கூடாது என்று கேஜ் பார்ப்பது என் வேலை. அவர் சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் நிரப்பி, ஒவ்வொரு இணைப்பாக அடித்துக்கொண்டே வந்தார். டர்போ அழுத்தின காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரிலிருந்து மேலே வரும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப் கடித்த இடத்தில், நுரை கொப்புளித்தது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரி இருக்கிறது. கழற்றித் திருப்பினால் இரண்டு அங்குல வெடிப்பு. அழுத்தின காற்றெல்லாம் அந்த வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது. சிலிகான் ஹோஸும் புதுக் கிளாம்பும் போட்டோம். எண்பதாயிரம் கணக்கு சில ஆயிரத்தில் முடிந்தது.

மற்ற வேலைகளை நீளமாகச் சொன்னால் உனக்குத் தூக்கம் வரும். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே கையாக மாற்றினோம். எப்போது மாற்றினது என்று பில் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும், எஞ்சினே காலி. ஆயில் முழு சிந்தடிக், 5டபிள்யூ40. லோயர் ஆர்ம் புஷ், ஒரு எஞ்சின் மவுண்ட், ஏசி கேஸ். மொத்தத்தில் வாங்கின விலையில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. இதை முன்னாடியே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வாங்கினேன். கையில் ஒன்றே முக்கால்தான் இருக்கிறது என்றால் இந்த வண்டி பக்கமே வரக் கூடாது.

ஸ்பேர்ஸ் கிடைக்கிறதா என்று கேட்பாய். பிஎஸ்6 புகை விதி வருவதற்கு முன்பே ஃபியட் இங்கே கடையைக் கட்டிவிட்டது. ரஞ்சன்கான் ஃபேக்டரியில் இப்போது ஜீப் ஓடுகிறது. சஸ்பென்ஷன் சாமான்கள் பலதும் புன்டோவோடது பொருந்துவதால் அவை கிடைக்கின்றன. கதவு, பம்பர், விளக்கு வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளுக்கு ஆள் அனுப்ப வேண்டியதுதான். லீனியா துருக்கியில் பர்சாவிலும் தயாரான வண்டி. அதனால் அங்கிருந்து வரவழைக்கிறவர்களும் உண்டு, காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

கவலை இரண்டு. ஒன்று, இப்போது பங்க்கில் கிடைக்கும் இருபது சத எத்தனால் பெட்ரோல். அது வரும் என்று நினைத்துச் செய்த வண்டி இல்லை இது. பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிட்டேன், அவ்வப்போது மூக்கை வைத்து மோந்து பார்க்கிறேன். இன்னொன்று ஆர்சி, வண்டியின் பதிவுச் சான்று. பதினைந்து வருஷம் முடிந்தால் ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆனது, பசுமை வரி தனி. அதற்குள் டிங்கரிங் வேலையை முடித்தாக வேண்டும், பின் கதவின் கீழே பட்டி போட்டு மறைத்த துரு இருக்கிறது.

சரி, ஓட்ட எப்படி இருக்கிறது? ஊருக்குள் ஒன்றுமில்லை. 2000 ஆர்பிஎம் வரை சோம்பேறி, சிக்னலில் ஆட்டோக்காரர்கூட முந்திவிடுவார். மலைக்குத்தான் இது. கடல் மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைந்துவிடும். சாதா எஞ்சினும் அந்த அளவுக்கு பலம் இழக்கும். நம்ம பழைய மாருதி ஆம்னி குன்னூர் தாண்டி மூச்சு வாங்கியது நினைவிருக்கும். டர்போ அந்தக் குறையில் பெரும்பகுதியைத் தானே ஈடுகட்டிக்கொள்கிறது. கோத்தகிரி ரோட்டில் மூன்றாவது கியரிலேயே வளைவுக்கு வளைவு ஏறினேன். வளைவு நிமிரும்போது காலை லேசாக அழுத்தினால் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு, முதுகைச் சீட்டோடு சேர்த்துத் தள்ளுகிறது. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரி "மெதுவா, மெதுவா" என்றாள், ஆனால் திரும்பும்போது தானே ஓட்டுகிறேன் என்று சாவியைக் கேட்டாள். மேலே போய் நின்றதும் உடனே அணைக்கக் கூடாது, ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு டர்போ ஆறின பிறகுதான். அதை அவளுக்கும் சொல்லிக்கொடுத்தாயிற்று.

பவரைக் கூட்டச் சொல்லி இங்கே இரண்டு பேர் உயிரை வாங்குகிறார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இருக்கிற 114-ஐ அந்தக் கிளட்சும் கியர்பாக்ஸும் பத்து வருஷம் தாங்கினால் எனக்குப் போதும்.

பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, லீவு தேதி உறுதியானதும் உடனே சொல். டிங்கரிங் கடையில் அதற்கேற்ற மாதிரி நாள் வாங்க வேண்டும், வண்டி இல்லாத நேரத்தில் நீ வந்து நிற்காதே. இன்னொரு உதவி: வண்டியின் கம்ப்யூட்டர்களைப் படிக்கும் மல்டி இசியு ஸ்கேன் என்ற மென்பொருளுக்கு ஒத்துவரும், லேப்டாப்பை வண்டியோடு இணைக்கும் நல்ல ஓபிடி கேபிள் ஒன்று அங்கே கிடைத்தால் வாங்கி வா. இங்கே வாங்கினது ஏர்பேக் பக்கம் போனாலே கனெக்‌ஷன் விட்டுவிடுகிறது. காசு இங்கே தருகிறேன். மகளையும் கூட்டி வா, அண்ணனின் பிவிசி மூடியை அவள் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
முரளி