களைப்பே தெரியாதவர்களா நாங்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் 'சேவை மனம் படைத்தவர்களுக்குக் களைப்பே தெரியாது' என்று ஒரு வரி வந்திருந்தது. சமூகப் பணியாளர்களான எங்களைப் பாராட்டத்தான் கட்டுரையாளர் அப்படி எழுதியிருப்பார். ஆனாலும் மூன்று நாளாக அது நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது.

தாராவியில் 17 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு போக்சோ வழக்கில், சிறுமி ஒருத்தியை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். என் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு பெஞ்சிலேயே தூங்கிவிட்டாள். இழுத்தால் விழித்துக்கொள்வாளே என்று இரவு முழுக்க நான் அசையவில்லை. விடியற்காலையில் அவளையும் அம்மாவையும் டாக்ஸியில் வீட்டில் விட்டேன். மறுநாள் அலுவலகத்தில் அதற்கு ரசீது கேட்டார்கள். மும்பையில் எந்தக் காலிபீலி டாக்ஸியில் ரசீது தருகிறார்கள் ஐயா? என் கைக்காசுதான் போனது.

வேலையோ 11 மாத ஒப்பந்தம். திட்டத்துக்கு நிதி நின்றால் சம்பளமும் நின்றுவிடும். 1098 குழந்தைகள் உதவி எண் 1996-இல் இதே மும்பையில்தான் பிறந்தது, தங்களுக்குத் தெரியாததல்ல. 2023-இல் அது அரசின் கைக்கு மாறத் தொடங்கியபோது, அதுவரை ராத்திரி பகலாக அந்த போனை எடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தங்கள் பத்திரிகையில் ஒரு வரி நான் பார்க்கவில்லை.

'பர்ன்அவுட்' என்பது வேலையிடத்தில் தீராமல் தொடரும் அழுத்தத்தால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. உடம்பில் தெம்பு வற்றுவது, வேலையிலிருந்து மனசு விலகிப்போவது, செய்வதில் பலனே இல்லை என்று தோன்றுவது. இதில் இரண்டாவதுதான் எனக்குப் பயம். போன மாதம் ஒரு அக்கா எதிரில் உட்கார்ந்து அழுதார். நான் படிவத்தில் பின்கோடு சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தேவ்னாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1936-லேயே இதற்குப் படிப்பு தொடங்கிவிட்டது. நானும் இரண்டு வருடம் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணி முதுகலைப் படிப்பு படித்துத்தான் வந்தேன். டாக்டருக்கும் வக்கீலுக்கும் சட்டப்படி கவுன்சில் இருக்கிறது. எங்களுக்கு இல்லை. தியாகி என்று சொல்லிவிட்டால் சம்பளம், லீவு எதுவும் கேட்கக் கூடாது என்றாகிவிடுகிறது.

சரி, தங்களால் முடிந்ததைத்தானே கேட்க வேண்டும்? இனி எங்களைப் பற்றி எழுதும்போது 'சமூக சேவகி' என்று போடாமல் 'சமூகப் பணியாளர்' என்று போடுங்கள்.

இப்படிக்கு,
பல வருட வாசகி,
தாராவி, மும்பை.