முப்பத்து நான்கு வயதில் காவலரானவரும் நான்காயிரம் ரூபாய் வரம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவலர் தேர்வு அறிவிக்கை வெளியாகும் ஒவ்வொரு முறையும், திருமங்கலத்தில் நான் நடத்திவரும் இ-சேவை மையத்துக்கு, அந்தத் தேர்வில் வயதுத் தளர்வு பெற்றுத்தரும் ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் கேட்டுப் பெண்கள் வருகிறார்கள். அவர்களில் பலருடைய விண்ணப்பம் எங்கே முட்டி நின்றுவிடுகிறது என்பதையும், அதே வழியில் காவல் துறைக்குள் நுழைந்து பணி நிறைவு பெற்ற ஓர் அம்மையாரின் வாழ்க்கையையும் சேர்த்தே எழுத விரும்புகிறேன். ஒன்றைச் சொல்லாமல் மற்றொன்று விளங்காது.

பெயர் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் இடையில் உள்ள ஒரு கிராமம் அவருடையது. லாரி ஓட்டுநராக இருந்த கணவர் விபத்தில் இறந்தபோது இரண்டு பிள்ளைகளும் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்பே மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறித்து, வெயில் ஏறியதும் வீடு திரும்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் களையெடுக்கப் போன அவரிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்ததையும், விதவைப் பெண்களுக்கு வயதில் தளர்வு உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னவர் அவருடைய தம்பி. எழுத்துத் தேர்வு அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஓட்டம்தான் பயமாக இருந்தது. ஊர்க் கண்மாய்க் கரையில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் ஓடிப் பழகினார். தாலியறுத்த பெண் கரையில் ஓடுகிறாளே என்று ஊரில் சிலர் பேசியதும் உண்டு. 1998இல் அவர் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தபோது வயது முப்பத்து நான்கு. பயிற்சியில் உடன் இருந்த பெண்களில் பெரும்பாலோர் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்கள்; எல்லோருக்கும் அவர் 'அக்கா'.

தமிழ்நாட்டுக் காவல் துறையில் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1973இல். அப்போது மொத்தம் இருபத்திரண்டு பேர். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் தொடங்கப்பட்டது. பின்னர் மாவட்டங்கள்தோறும் பெருகிய அத்தகைய நிலையங்களில் ஒன்றில்தான் இந்த அம்மையாரின் பணிக்காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும், அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டிலும், பசும்பொன் பந்தோபஸ்திலும் மணிக்கணக்கில் நின்றதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. நிலையத்தில் மனு விசாரித்த நாட்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தாமல் பேசுவார்.

ஒரு விசாரணையைப் பற்றி அவர் விரிவாகவே சொன்னார். கணவன் வீட்டாரோடு ஒத்துப்போகாமல் பிரிந்து வந்த பெண், தன் சீர்ப் பொருட்களைத் திரும்பக் கேட்டு மனு கொடுத்திருந்தார். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, கட்டில், பீரோ என்று பட்டியல் வாசிக்கப்பட்டது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் நிலையில் இருந்தார்கள். அந்தப் பெண்ணின் வலது கை ஆள்காட்டி விரலில் ஊசி குத்திய தழும்புகளைப் பார்த்த இவர், "தையல் மெஷின் யாருதும்மா?" என்று கேட்டிருக்கிறார். பெற்றோர் கொடுத்த சீர் இல்லை, தன் தையல் கூலியைச் சேர்த்துத் தானே வாங்கியது என்பதால் அதைக் கேட்க உரிமை இல்லையென்று நினைத்து அந்தப் பெண் விட்டுவிட்டிருந்தார். பட்டியலின் கடைசி வரியாகத் தையல் இயந்திரம் சேர்க்கப்பட்டது. அன்று மாலையே அது வந்தும் சேர்ந்தது. சட்டம் படித்த எவரும் இதைச் செய்திருக்கக்கூடும் என்றாலும், கணவனை இழந்தபின் எந்தப் பாத்திரம் யாருடையது என்று புகுந்த வீட்டில் எண்ணிக் காட்ட நேர்ந்த ஒருவரின் கண்ணுக்கு அந்தத் தழும்பு முதலில் பட்டதில் எனக்கு வியப்பில்லை.

தாமதமாகச் சேர்வதற்கு விலையும் உண்டு. அவருடைய மகள் வயதில் இருந்த சார்பு ஆய்வாளரை அவர் 'அம்மா' என்று அழைத்து சல்யூட் அடிக்க வேண்டும். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. பதவி உயர்வுக் கணக்கு அப்படியல்ல. பத்தாண்டில் முதல் நிலைக் காவலர், பதினைந்தாண்டில் தலைமைக் காவலர், இருபத்தைந்தாண்டில் சிறப்பு சார்பு ஆய்வாளர் (எஸ்.எஸ்.ஐ.) என்பது அவர் காலத்து முறை. இருபது வயதில் சேர்ந்தவர் நாற்பத்தைந்தில் தொடும் இடத்தை இவர் ஐம்பத்தொன்பதில்தான் தொட முடியும். ஓய்வு வயது 2020இல் ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்பதாகவும், 2021இல் அறுபதாகவும் உயர்த்தப்பட்டதால்தான் அவர் 2023இல் எஸ்.எஸ்.ஐ. ஆனார், இல்லாவிட்டால் தலைமைக் காவலராகவே வீடு திரும்பியிருப்பார். முழு ஓய்வூதியத்துக்கு முப்பது ஆண்டுப் பணி வேண்டும் என்பதால் அதிலும் அவருக்குக் குறைவுதான்.

திண்டுக்கல்லில் ஒரு காவலரின் மனைவியாக, இளம் வயதிலேயே இரு குழந்தைகளுக்குத் தாயாக இருந்து, அதன்பின் படித்து மகாராஷ்டிரத்தில் ஐ.பி.எஸ். அதிகாரியான திருமதி அம்பிகா அவர்களைப் பற்றி வாசகர்கள் படித்திருப்பார்கள். அவருடைய சாதனை பெரிது. ஆனால் என் மேசைக்கு முன் நிற்கும் பெண்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ளது இரண்டாம் நிலைக் காவலர் பணிதான்.

அதற்கான அண்மை அறிவிக்கைகளில் வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு இருபத்தாறு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இருபத்தெட்டு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முப்பத்தொன்று, ஆதரவற்ற விதவைகளுக்கு முப்பத்தேழு. கடைசிச் சலுகையைப் பெறக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரின் சான்றிதழ் தேவை. அந்தச் சான்றிதழுக்கு, எல்லா வழியிலும் வரும் மாத வருமானம் 4,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். பன்னிரண்டு நாள் முழுக் கூலி கிடைத்தாலே வரம்பு தாண்டிவிடும். மதுரையில் ஜவுளிக் கடையில் துணி மடித்து வைக்கும் பெண்கூட இதைவிட அதிகம் வாங்குகிறார். ஆக, பிள்ளைகளைக் காப்பாற்ற உழைக்கும் பெண் ஒன்று சான்றிதழை இழக்க வேண்டும், அல்லது வருமானத்தை மறைத்துப் பொய் சொல்ல வேண்டும். காவல் பணிக்கு வருகிறவரை முதல் தாளிலேயே பொய் எழுதத் தூண்டும் விதியை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொரு குறையும் உண்டு. கணவனால் கைவிடப்பட்ட பெண் என்பதற்கு அரசே தனிச் சான்றிதழ் வழங்குகிறது. அதையும் எங்கள் மையத்தின் வழியாகவே விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் காவலர் தேர்வில் அந்தச் சான்றிதழுக்கு வயதுத் தளர்வு இல்லை. விவாகரத்துப் பெற்றவருக்கும் இல்லை. கணவன் இறந்தால் முப்பத்தேழு, ஓடிப்போனால் பிரிவைப் பொறுத்து இருபத்தாறு முதல் முப்பத்தொன்று வரை என்று வேறுபடுத்துவதற்கு எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை. மகளிர் காவல் நிலையத்தின் வாசலில் மனுவோடு நிற்பவர்களில் பலர் இந்த இரண்டாம் வகையினர்தான்.

உடல்தகுதியில் எந்தச் சலுகையும் வேண்டாம். உயரமும், 400 மீட்டர் ஓட்டத்துக்கான இரண்டரை நிமிடமும் எல்லோருக்கும் உள்ளபடியே இருக்கட்டும். மகளிர் காவலரின் காலை ஆஜரை (வருகை அணிவகுப்பை) ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்கு மாற்றியதுபோல், வீட்டுப் பொறுப்புள்ள பெண்களை மனத்தில் வைத்து அரசு அண்மைக் காலத்தில் நல்ல முடிவுகளை எடுத்திருக்கிறது. அதே அக்கறையோடு, அடுத்த காவலர் தேர்வு அறிவிக்கைக்கு முன்பாக, 4,000 ரூபாய் வரம்பை இன்றைய கூலி நிலவரத்துக்கு ஏற்ப உயர்த்தவும், கைவிடப்பட்ட, விவாகரத்தான பெண்களுக்கும் முப்பத்தேழு வயது வரை விண்ணப்பிக்க வழி செய்யவும் உள்துறையும் சீருடைப் பணியாளர் தேர்வாணையமும் ஆவன செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இ-சேவை மைய நடத்துநர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.