பினாங்கு மணப்பெண் அலங்காரக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புச் சகோதரிகளே, வணக்கம்.

மணப்பெண்ணுக்குக் கலர் லென்ஸை உங்கள் மேக்கப் பெட்டியிலிருந்தே எடுத்து மாட்டிவிடும் வழக்கம் பெருகிவிட்டது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

பவர் இல்லாததுதானே என்பீர்கள். கருவிழிக்கு (கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவுக்கு) ரத்தக்குழாய் கிடையாது. ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்துதான் வர வேண்டும், லென்ஸ் அதைக் குறைக்கும். டப்பாவில் 8.6 என்று இருப்பது லென்ஸின் வளைவு, மில்லிமீட்டரில். அது எல்லாக் கண்ணுக்கும் பொருந்தாது. இறுக்கிப் பிடித்தால் கருவிழி வீங்கும். 400 பவர் (அதாவது 4.00) கண்ணாடி போடுகிற பெண்ணுக்குப் பவர் இல்லாத லென்ஸை மாட்டினால் மணவறைப் படியே தெரியாது. 1991-ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டப்படி, அதற்கெனப் பதிவு பெற்றவர்கள்தான் லென்ஸ் கொடுக்கலாம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கியதை விற்பது குற்றம்.

இரண்டு வாரம் முன்னதாகவே பெண்ணைக் கண்ணாடிக் கடைக்கு அனுப்புங்கள். அளவெடுக்கட்டும், போடக் கழற்ற அவரே பழகட்டும். ஒரே நாள் போட்டு வீசிவிடும் லென்ஸ் இரண்டு ஜோடி போதும்: முகூர்த்தத்துக்கு ஒன்று, இரவு விருந்துக்குப் புதிதாக ஒன்று. விடியற்காலை 4 மணிக்குப் போட்டது நள்ளிரவு வரை கண்ணில் கிடக்கக் கூடாது. (படத்தில் கண் சாம்பல் நிறமாகத் தெரிந்தே ஆக வேண்டுமா என்பது வேறு பேச்சு.)

அன்றைக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு லென்ஸ், அதற்கப்புறம்தான் பவுண்டேஷன். விரல் நுனியில் கிண்ணம் போல நின்றால் சரி. விளிம்பு வெளியே விரிந்தால் உள்புறம் வெளியே திரும்பியிருக்கிறது. இமையின் உள்விளிம்பில் மை தீட்டாதீர்கள், அந்த எண்ணெய் லென்ஸில் படிந்து பார்வையை மங்கவைக்கும். ஹேர் ஸ்பிரே அடிக்கும்போது பெண் கண்ணை மூடட்டும். இரவில் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் மேக்கப்பை அழிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசம், கீழே விழுந்த லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் அலசி மறுபடி போடுவது. தண்ணீரில் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். அது கருவிழியில் புகுந்தால் மாதக்கணக்கில் மருந்து. சிலருக்குக் கருவிழியையே மாற்ற வேண்டிவரும். மினரல் வாட்டரும் ஆகாது. விழுந்ததா, குப்பையில் போடுங்கள். ஒருத்தி போட்டதைச் சொல்யூஷனில் ஊறவைத்து அடுத்தவளுக்குக் கொடுப்பதும் அதே கதைதான்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் உடனே கழற்றச் சொல்லுங்கள். லென்ஸை வீசாமல் டப்பாவோடு அன்றைக்கே கண் மருத்துவரிடம் கொண்டுபோகட்டும். கிருமி எதுவென்று அதிலிருந்தே சோதிக்கலாம். வீட்டில் கிடக்கும் சொட்டு மருந்தை விட வேண்டாம், ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் தொற்று முற்றும். மறுவீடு முடியட்டும் என்று காத்திருந்தால், ஓரிரு நாளிலேயே கருவிழி புண்ணாகிவிடலாம்.

இப்படிக்கு,
ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் கண் பரிசோதிக்கும் சிலர்